கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘ரெசிஸ்டன்ட்’ என்று வந்தால் தயிரை நிறுத்த வேண்டுமா?

ஈரோடு மாவட்டத்துச் சிறிய ஊர் ஒன்றிலிருந்து 38 வயது வாசகி ஒருவர் நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவர் வீட்டிலேயே கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டுப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். வீட்டில் ஒரு கறவை மாடும் உண்டு. மாமியாருக்கு 67 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை நோய். கடந்த ஒரு வருடத்தில் மாமியாருக்கு மூன்று தடவை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. மூன்றாவது தடவை சிறுநீர்க் கல்ச்சரில் (சிறுநீரில் உள்ள பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ‘ஈ.கோலை, ஈ.எஸ்.பி.எல் பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. வாய்வழி மாத்திரைகளில் பலவற்றுக்கு எதிரே ‘ஆர்’, அதாவது ‘ரெசிஸ்டன்ட்’, மருந்துக்கு அடங்காதது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டு, இப்போது நன்றாக இருக்கிறார்.

இந்த நேரம் பார்த்துக் கணவரின் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்புகிறார்: ‘தயிர், இட்லி மாவு, பழைய சோறு எல்லாவற்றிலும் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியா இருப்பதாக விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.’ அன்றிலிருந்து மாமியாருக்கு மோர் கிடையாது, பழையது கிடையாது. கணவர் மாவு வியாபாரத்தையே நிறுத்தச் சொல்கிறார். “நான் அரைக்கிற மாவுதான் அத்தையைப் படுக்க வைத்ததா? ஊர் முழுக்க அதைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறேனா? ராத்திரி தூக்கம் வரவில்லை” என்று எழுதுகிறார்.

கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் இன்னும் சில விஷயங்கள் வருகின்றன. மாட்டுக்கு மடிவீக்கம் வந்து காம்பில் மருந்து ஏற்றிய வாரத்தில் தயிர் சரியாக உறையவில்லை. மகனுக்குச் சளி பிடித்தால் வீட்டில் மீதமிருக்கும் அசித்ரோமைசின் கொடுப்பது வழக்கம். மாமியாருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் மாதாமாதம் கல்ச்சர் எடுத்துப் பார்க்கிறார்கள். பாக்கெட்டில் ‘புரோபயாடிக் மாவு’ (நன்மை செய்யும் பாக்டீரியா உயிரோடு உள்ள மாவு) என்று அச்சடித்தால் பயம் போய் விற்பனை கூடும் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார்.

சகோதரி, உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாவு அத்தையைப் படுக்க வைக்கவில்லை. மோரும் வைக்கவில்லை. அதற்காக வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். அதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. அந்தத் துண்டு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், நீங்கள் போகிறபோக்கில் எழுதியவைதான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. அவற்றுக்கும் வருகிறேன்.

அந்த ‘ஆர்’ யாருடையது?

ரிப்போர்ட்டில் உள்ள ‘ஆர்’ உங்கள் மாமியாரின் உடம்பைப் பற்றியது அல்ல. “இனிமேல் அவருக்கு எந்த மருந்தும் கேட்காது என்று சொல்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து கேட்காமல் போனது அந்தத் தடவை சிறுநீரில் வளர்ந்த ஈ.கோலைக்கு. அடுத்த தடவை தொற்று வந்தால் அது வேறு பாக்டீரியாவாக இருக்கலாம். சாதாரண மாத்திரைக்கே அடங்கிவிடலாம். ஈ.எஸ்.பி.எல் என்பது அந்த பாக்டீரியா சுரக்கும் ஒரு நொதி. பென்சிலின் வகையையும், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற மருந்துகளையும் அது வெட்டிப்போட்டுவிடும். மெரோபெனம் மாதிரி ஊசிகளை இந்த நொதியால் ஒன்றும் செய்ய முடியாது. நைட்ரோஃபியூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்ற வாய்வழி மருந்துகளும் சிறுநீர்ப்பை அளவில் நிற்கும் தொற்றுக்குப் பல நேரம் வேலை செய்யும். ரிப்போர்ட்டை மறுபடி எடுத்து ‘எஸ்’ (மருந்துக்கு அடங்கும்) என்று போட்டிருக்கும் வரிகளைப் பாருங்கள். எல்லோரும் ‘ஆர்’ வரிகளை மட்டும் எண்ணிப் பயப்படுகிறார்கள்.

சரி, அந்த ஈ.கோலை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அவருடைய குடலிலிருந்துதான். பெண்களுக்குச் சிறுநீர்த் துவாரம் மலவாய்க்குப் பக்கத்தில் இருப்பதால், குடலில் வாழும் ஈ.கோலை சிறுநீர்ப்பைக்கு ஏறுவது எளிது. இந்த நொதியைச் சுரக்கும் ஈ.கோலை நம் நாட்டில் நோய்நொடி இல்லாத பலரின் குடலிலேயே சத்தமில்லாமல் இருக்கிறது. தண்ணீர், கை, உணவு, ஆஸ்பத்திரி என்று வழிகள் பல. முதல் இரண்டு தொற்றுகளுக்கும் தடவைக்கு ஒரு வகை மாத்திரை சாப்பிட்டிருப்பார் அல்லவா? குடலில் மருந்துக்கு அடங்கும் ஈ.கோலை அதில் செத்து, அடங்காதவை இடம் பிடித்திருக்கும்.

இனி தயிருக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பார்ப்போம். தயிரிலும் இட்லி மாவிலும் வேலை செய்யும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் ஈ.கோலையும் மிகத் தூரத்து இனங்கள். முதல் வகை கிராம் பாசிட்டிவ், ஈ.கோலை கிராம் நெகட்டிவ். இரண்டுக்கும் செல்சுவரே வேறு. ஈ.எஸ்.பி.எல் மரபணுக்கள் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் கூட்டத்துக்குள்தான் கைமாறிக்கொண்டிருக்கின்றன. தயிர் பாக்டீரியா அவற்றைச் சுமந்துவந்து மாமியாரின் ஈ.கோலையிடம் கொடுத்தது என்பதற்கு இடமே இல்லை.

மாவிலும் தயிரிலும் இருப்பது என்ன?

உங்கள் கொழுந்தனார் அனுப்பிய செய்தியில் உள்ள உண்மைத் துண்டு இதுதான்: புளித்த உணவுகளில் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியா இருப்பது உண்மை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியப் புளித்த உணவுகளிலிருந்து எடுத்த லாக்டிக் பாக்டீரியாக்களில் எரித்ரோமைசினுக்கும் டெட்ராசைக்ளினுக்கும் எதிரான மரபணுக்கள் இருந்தன. ஐரோப்பாவில் இது இன்னும் பழைய கதை. காய்ச்சாத பாலில் செய்த மென்பாலாடைக்கட்டி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த லாக்டோகாக்கஸ் என்ற லாக்டிக் பாக்டீரியா, ஒரே பிளாஸ்மிட்டில் (பாக்டீரியாக்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளக்கூடிய சிறு டி.என்.ஏ வளையம்) ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் மூன்றுக்கும் எதிர்ப்பைச் சுமந்துகொண்டிருந்ததை 1997இலேயே அறிவித்திருக்கிறார்கள்.

ஆனால் எதிர்ப்பில் இரண்டு வகை உண்டு. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

முதல் வகை பிறவி எதிர்ப்பு. இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முக்கியமான பாக்டீரியா லியூகோனாஸ்டாக் மெசென்டெராய்டிஸ். ஆய்வகத்தில் அதன்மேல் வான்கோமைசினை வைத்துப் பாருங்கள், அசையாது. கேட்டவுடன் பயமாக இருக்கும். வான்கோமைசின் பெரிய ஆஸ்பத்திரி மருந்து ஆயிற்றே. காரணம் என்னவென்றால், அந்த மருந்து பாக்டீரியாச் சுவரின் கட்டுமானத்தில் இரண்டு டி-அலனின்கள் சேர்ந்திருக்கும் முனையைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. லியூகோனாஸ்டாக்கின் சுவரில் கடைசி டி-அலனினுக்குப் பதில் டி-லாக்டேட் இருக்கிறது. பிடிக்க இடம் இல்லை. மனிதன் வான்கோமைசினைக் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே அதன் சுவர் அப்படித்தான். லாக்டோபேசில்லஸ் வகைகள் பலவும், பீடியோகாக்கஸும் அப்படியே. ஜென்டாமைசின் மாதிரி மருந்துகளுக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் பலவும் எளிதில் மசியாது. அந்த மருந்து செல்லுக்குள் நுழையச் சுவாசச் சங்கிலி வேண்டும், இவற்றில் அது வேலை செய்வதில்லை. இந்த மாதிரி எதிர்ப்பு அந்த பாக்டீரியாவின் உடற்கட்டோடு சேர்ந்தது. பக்கத்து பாக்டீரியாவிடம் எடுத்துக் கொடுக்க முடியாது. ஒரு பத்திரிகை இதைப் பார்த்து ‘இட்லி மாவில் வான்கோமைசினுக்கு அடங்காத கிருமி’ என்று தலைப்புப் போட்டால் அதில் எழுத்துப் பிழை இருக்காது, விஷயம்தான் தப்பு.

இரண்டாவது வகை வாங்கிய எதிர்ப்பு. கவனிக்க வேண்டியது இதைத்தான். டெட்-எம், ஈ.ஆர்.எம்-பி என்று பெயர் வைத்திருக்கும் மரபணுக்கள் பிளாஸ்மிட்டிலோ டிரான்ஸ்போசானிலோ (இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ துண்டு) ஏறி ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடியவை. முதலாவது டெட்ராசைக்ளினுக்கு எதிரானது. இரண்டாவது எரித்ரோமைசின், அசித்ரோமைசின் குடும்பத்துக்கு எதிரானது. தயிரோடு உள்ளே போகும் பாக்டீரியா ஒன்றில் இது இருந்தால், குடலில் உள்ள என்டரோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவுக்கு அது கைமாறலாம். ஆய்வகத்திலும் விலங்குகளிலும் இப்படிக் கைமாறுவதைக் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் தொழிற்சாலையில் உறைக்காகவும் புரோபயாடிக்காகவும் வளர்க்கும் பாக்டீரியாக்களில் இந்த மரபணுக்கள் இருக்கின்றனவா என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு பார்க்கச் சொல்கிறது. நம் நாட்டில் 2011இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து வெளியிட்ட புரோபயாடிக் வழிகாட்டுதலிலும் இந்தச் சோதனை உண்டு. பச்சைக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தாகக் கொடுக்கும் லாக்டோபேசில்லஸ் ரியூட்டரியில் ஒரு ரகம் விற்பனையில் இருந்தது. அதில் இப்படி இரண்டு பிளாஸ்மிட்டுகள் இருப்பது தெரிந்ததும் அவற்றை நீக்கிவிட்டுப் புது ரகமாக வெளியே கொண்டுவந்தார்கள்; 2008இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதினார்கள். தெரிந்த குறையைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து வயிற்றுப்போக்குக்காக டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் சிறு பிளாஸ்டிக் குப்பி உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அதில் இருப்பது பாசிலஸ் கிளாசியை என்ற பாக்டீரியாவின் வித்துகள். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ரகங்களாகப் பார்த்துத்தான் அதில் சேர்த்திருக்கிறார்கள். அப்போதுதானே மருந்தோடு சேர்ந்து உள்ளே போனாலும் சாகாமல் இருக்கும்! ஆகவே ‘ரெசிஸ்டன்ட்’ என்று பார்த்தவுடன் பதற வேண்டாம். அது நோய் உண்டாக்கும் பாக்டீரியாவா, அதன் எதிர்ப்பு கைமாறக்கூடியதா, கைமாறினால் அதை வளர்த்துவிட அந்த நேரத்தில் குடலில் ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துத்தான் ஆபத்தை எடைபோட வேண்டும்.

இட்லியின் கதை இன்னும் சுலபம். அரைத்த மாவில் ஆரம்பத்தில் தண்ணீர், கை, அரிசி, உளுந்து வழியாக வந்த பலவும் இருக்கும். ராத்திரி முழுக்கப் புளித்து அமிலம் ஏற ஏற, குடல் வகைக் கிருமிகள் ஒடுங்கி லாக்டிக் பாக்டீரியாக்கள் கை ஓங்கும். இட்லி மாவில் என்டரோகாக்கஸ் இருப்பதையும் பழைய ஆய்வுகளிலிருந்தே அறிவோம். புளித்த உணவில் எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்துவைப்பதில் அதற்குத்தான் கெட்ட பெயர். ஆனால் நீங்கள் விற்பது இட்லிப் பானைக்குள்ளும் தோசைக்கல்லுக்கும் போகிற பொருள். பத்து நிமிட ஆவியில் இவற்றில் எதுவும் உயிரோடு மிஞ்சாது. செத்த பாக்டீரியா தன் மரபணுவைக் கையோடு கொண்டுபோய் யாருக்கும் கொடுக்காது.

தயிரும் மோரும் வேறு. அவற்றை உயிரோடுதான் சாப்பிடுகிறோம். இருந்தாலும் நம் வீட்டுப் பழக்கத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: நாம் பாலைப் பொங்கக் காய்ச்சி, ஆறவிட்டு, அப்புறம்தான் உறை ஊற்றுகிறோம். ஐரோப்பாவில் மாட்டிய அந்தப் பாலாடைக்கட்டி காய்ச்சாத பாலில் செய்தது. பழைய சோற்றுக்கும் கம்பங்கூழுக்கும் மட்டும் ஒரு வார்த்தை: அவற்றில் ஊற்றும் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள். சமைத்த பிறகு சேரும் தண்ணீர், கை, பாத்திரம் இவற்றின் வழியாகத்தான் ஈ.கோலை உள்ளே வர முடியும். அது ஆன்டிபயாடிக் பிரச்சினையைவிடப் பழைய பிரச்சினை.

மாடு

இப்போது எனக்குக் கவலை தந்த பகுதி. மடிவீக்கத்துக்குக் காம்பில் மருந்து ஏற்றிய நாட்களில், “பாலைக் கீழே கொட்ட மனசு வரவில்லை, நன்றாகக் காய்ச்சினால் போதும் என்று வீட்டுக்கு வைத்துக்கொண்டோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். தயிர் உறையாததற்குக் குளிரையும் உறைமோரையும் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். அது மருந்தின் வேலையாக இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். தயிர் பாக்டீரியாக்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸுக்குப் பென்சிலின் என்றால் துளியும் ஆகாது. பாலில் சொற்ப அளவு பென்சிலின் இருந்தாலே அது வளராது. பால் பண்ணைக்காரர்கள் இதற்காகவே வரும் பாலைச் சோதித்து வாங்குகிறார்கள். ஒரு மாட்டின் மருந்துப் பால் கலந்தால் ஒரு தொட்டித் தயிர் கெட்டுவிடும்.

காய்ச்சினால் கிருமி சாகும். ஆன்டிபயாடிக் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அந்தப் பாலைக் குடித்த வீட்டில் எல்லோருக்கும் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து உள்ளே போயிருக்கிறது. நோயைக் குணமாக்க அது போதாது. குடலில் அடங்காத பாக்டீரியாக்களுக்குச் சாதகமாக இருக்க அதுவே போதும். மூன்று நாள் கழித்துத் தயிர் மறுபடி உறைந்தது என்கிறீர்களே, அந்த உறைமோரில் மருந்தைத் தாக்குப்பிடித்தவை தங்கியிருக்கவும் கூடும். அதே உறையைத்தான் இன்றுவரை ஊற்றிக்கொண்டிருந்தால் அதைக் கொட்டிவிடுங்கள். மருந்து போடாத மாட்டுப் பால் வாங்கும் வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கிப் புதிதாக ஆரம்பியுங்கள். வீட்டில் யாருக்காவது பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மருந்துப் பால் அவர்களுக்கு நேரடி ஆபத்தும்கூட.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது 77இல் ஆன்டிபயாடிக் எச்சம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. நூற்றுக்கு 1.2 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் பால் தினமும் குடிக்கும் பொருள். அடுத்த தடவை மாட்டுக்கு ஊசியோ காம்பு மருந்தோ போட்டால், எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரைக் கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். மருந்துக்கு மருந்து இது மாறும், அட்டையிலும் எழுதியிருக்கும். அந்த நாட்களின் பாலைக் கன்றுக்கும் ஊட்ட வேண்டாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்க வேண்டாம். மனசு வராது என்பது புரிகிறது. ஆனாலும் கொட்டத்தான் வேண்டும்.

மகனின் அசித்ரோமைசின்

சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அசித்ரோமைசின் வைரஸை ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் சளி குறைந்தால் அது தானாகக் குறைந்தது. பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகிறது. மேலே சொன்ன ஈ.ஆர்.எம்-பி மரபணு நினைவிருக்கிறதா? தயிரிலோ வேறு எங்கிருந்தோ வந்து குடலில் ஒரு மூலையில் கிடக்கும் அதை வளர்த்துவிடுவது இந்த மாத்திரைதான். மருந்து இல்லாத குடலில் அதைச் சுமக்கும் பாக்டீரியாவுக்குத் தனி லாபம் ஒன்றும் இல்லை. மருந்து வந்தால், சுற்றியிருப்பவை செத்து அதற்கு மட்டும் இடம் காலியாகும். உங்கள் வீட்டில் எதையாவது நிறுத்த வேண்டுமென்றால் தயிரை விட்டுவிட்டு இதை நிறுத்துங்கள்.

மாத்திரை அட்டையின் பின்பக்கம் சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்பதற்கான அடையாளம். 2016இல் மத்திய அரசு இதை வைத்தே விழிப்புணர்வுப் பிரசாரம் நடத்தியது. மருந்துக்கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். கேட்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. வீட்டில் மீதமிருக்கும் பழைய அட்டைகளை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைத்திருக்க வேண்டாம்.

மாமியாருக்கு என்ன செய்யலாம்?

மோரும் தயிரும் மறுபடி கொடுங்கள். சர்க்கரை நோய் மட்டும் இருப்பவருக்கு வீட்டுத் தயிரைத் தடுக்கக் காரணம் இல்லை. பழைய சோற்றில் அளவு மட்டும் பார்க்க வேண்டும். அது கிருமிக்காக அல்ல, சோறு சோறுதான் என்பதற்காக. உயிருள்ள பாக்டீரியாவை உண்மையிலேயே டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டியவர்கள் உண்டு: கீமோதெரபியில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்தவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், ஐ.சி.யூ.வில் பெரிய ரத்தக்குழாயில் டியூப் போட்டிருப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள். குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரிக்கையே விட்டது. உங்கள் மாமியார் இந்தப் பட்டியலில் இல்லை.

மாதாமாதம் எடுக்கும் கல்ச்சரை நிறுத்திவிடுங்கள். எரிச்சல், அடிக்கடி போவது, அடிவயிற்று வலி, காய்ச்சல் எதுவும் இல்லாதபோது சிறுநீரில் பாக்டீரியா வளர்ந்தால் அதற்கு மருந்து தேவையில்லை. வயதான பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, இது சகஜம். சர்க்கரை இருப்பதால் மட்டும் இதற்கு மருந்து கொடுக்கக் கூடாது என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று பார்த்தால் நமக்கும் பயம், டாக்டருக்கும் எழுதாமல் விட மனசு வராது. இன்னொரு கோர்ஸ் உள்ளே போகும், குடலில் அடங்காதவை இன்னும் கொஞ்சம் கூடும். தொந்தரவு இருக்கும்போது, முதல் மாத்திரை போடுவதற்கு முன் கல்ச்சருக்குக் கொடுங்கள். அதுதான் பயன்படும் ரிப்போர்ட்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது இன்னொன்றும் கேளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுறுப்பில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதனால் அங்கே இயல்பாக வாழும் லாக்டோபேசில்லஸும் குறைந்துபோகிறது. அவைதான் அமிலம் சுரந்து ஈ.கோலையை அண்டவிடாமல் வைத்திருந்தவை. அந்த இடத்தில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றைக் குறைக்கும் என்பது நன்றாக நிரூபணமானது. அவருக்குப் பொருந்துமா என்று மகளிர் மருத்துவர் சொல்வார். இந்த வயதில் இதைப் பேச மாமியாருக்குக் கூச்சமாக இருக்கலாம். நீங்கள் ஆரம்பித்து வைத்தால் அவருக்கு எளிதாக இருக்கும். சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற சீட்டையும் எடுத்துப் போங்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புது வகை மாத்திரைகள் சிலருக்கு அந்தப் பகுதியில் பூஞ்சைத் தொற்று தரும். தானாக நிறுத்த வேண்டாம், கேட்க மட்டும் செய்யுங்கள்.

தயிரோடு மருந்து சேர்வதில் ஒரே ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அது வரவில்லை. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகளைப் பாலோடும் மோரோடும் விழுங்கினால் கால்சியம் மருந்தைக் கட்டிக்கொள்ளும், உடம்பில் சரியாக ஏறாது. அப்படிப்பட்ட மருந்து எழுதினால் தண்ணீரோடு போட்டுவிட்டு, தயிருக்கும் அதற்கும் எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு மணி நேரம்.

மாவு வியாபாரம்

நிறுத்த வேண்டாம். மாவில் உள்ள பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் எதிர்ப்பு இருக்கிறதா என்று சோதித்துத்தான் விற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கேட்கவில்லை. கேட்பது வேறு: உணவுப் பாதுகாப்புப் பதிவு, பாக்கெட்டில் பதிவு எண், அரைத்த தேதி, எதுவரை நல்லது என்பது. பதிவு இல்லாமல் நடத்திக்கொண்டிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். அதிகாரி வந்து கேட்டால் உங்களைக் காப்பாற்றுவது அந்தக் காகிதம்தான். ஊற வைக்கும் தண்ணீர், கிரைண்டர் குழவியின் அடிப்பக்கம், பாக்கெட் போடும் கை, இந்த மூன்றிலும் சுத்தம் இருந்தால் போதும். புளிப்பு ஏறாமல் இருக்க ஆன்டிபயாடிக்கோ வேறு பொடியோ கலக்கச் சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சீக்கிரம் புளித்தால் ஃபிரிட்ஜ்தான் வழி.

‘புரோபயாடிக் மாவு’ என்று அச்சடிக்காதீர்கள். அந்தப் பெயருக்கு எந்த ரகம் பாக்டீரியா, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். வேகவைத்துச் சாப்பிடும் மாவில் சாப்பிடும் நேரத்தில் உயிரோடு எதுவும் இல்லையே! இன்று பயத்தைப் போக்க அச்சடிப்பது நாளைக்குத் தவறான விளம்பரம் என்று உங்கள்மேலேயே வரும். கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். கொழுந்தனாருக்கும் அனுப்பலாம், அவர் அக்கறையில் அனுப்பியவர்தான்.

கடைசியாக, மாமியாருக்கு இனி எப்போதாவது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் வீட்டு மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அந்த ஈ.எஸ்.பி.எல் ரிப்போர்ட்டின் நகல் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புங்கள். அது உங்களுக்குத் தரப்பட வேண்டிய ஆவணம். தொலைந்திருந்தால் சோதனை செய்த லேபில் கேட்டு வாங்கலாம். அதைப் பார்த்தால் டாக்டர் முதல் ஊசியையே சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும்.